தூத்துக்குடியைச் சுற்றிப் பார்க்க: இடம் மாறிக்கொண்டே வந்த துறைமுகத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

தூத்துக்குடிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் ஒரு கூட்டம், திருச்செந்தூர் போகும் வழியில் மக்ரூன் என்ற முந்திரி இனிப்பு வாங்க வண்டியை நிறுத்துகிறவர்கள். இன்னொரு கூட்டம் துறைமுகம், உப்பு, அனல்மின் நிலையம் என்று வேலையாக வருகிறவர்கள். ஊரைப் பார்க்கவே வருகிறவர்கள் குறைவு. ஆட்டோக்காரரிடம் கேட்டால் பனிமய மாதா கோயில், ரோச் பூங்கா, துறைமுகக் கடற்கரை என்று மூன்று பெயர் சொல்லிவிட்டு யோசிப்பார். அவர்மேல் பிழை இல்லை. இந்த ஊர் இடங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் அரை நாளில் முடிந்துவிடும். ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தால் இரண்டு நாள் போதாது.

கோக்க வேண்டிய நூல் இதுதான். பாண்டியர் காலக் கொற்கை, மார்க்கோ போலோ எழுதிவைத்த காயல், போர்த்துகீசியரின் புன்னைக்காயல், டச்சுக்காரர் கையில் வளர்ந்த தூத்துக்குடி, 1974இல் திறந்த ஆழ்கடல் துறைமுகம் என ஐந்தும் ஏறக்குறைய ஒரே துறைமுகம். இரண்டாயிரம் ஆண்டுகளாக இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மாற்றியது தாமிரபரணி. ஆறு கொண்டுவந்து கொட்டும் மண்ணில் கழிமுகம் தூர்ந்துபோகும். கடல் கிழக்கே தள்ளிப்போகும். கப்பல் வர முடியாத ஊரை வணிகர்கள் விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். கொற்கையில் இன்று நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது. தூத்துக்குடி தப்பியதற்குக் காரணம், அதன் வாசலில் ஆறு இல்லை. வெளியே சிறு தீவுகள் அலையைத் தடுக்கின்றன. ஆறு இல்லாததன் வினை வேறு விதத்தில் வந்தது: குடிநீரைத் தாமிரபரணியிலிருந்து குழாய் வழியே கொண்டுவர வேண்டியிருக்கிறது.

ஆகவே முதல் நாள் நகரத்துக்குள், இரண்டாம் நாள் தெற்கே துறைமுகம் வந்த வழியில் பின்னோக்கி என்று திட்டமிடுங்கள். தலைகீழாகச் செய்தால், கொற்கையில் ஒரு வன்னி மரத்தையும் வயலையும் பார்த்துவிட்டு "இதற்கா வந்தோம்" என்று தோன்றும்.

எப்போது வருவது

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். வெயில் தாங்கும், உப்பளத்து நீர்நிலைகளில் வலசைப் பறவைகள் இருக்கும். ஆனால் உப்பு வாரும் வேலை மும்முரமாவது மார்ச்சுக்குப் பிறகுதான். இரண்டும் ஒருசேர வேண்டும் என்றால் பிப்ரவரிக் கடைசி, மார்ச் முதல் வாரம்.

அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை. ஊர் தட்டையானது, கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது. ஒரு நாள் கனமழைக்கே தெருக்களில் தண்ணீர் நிற்கும், வடிய நாளாகும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது மாவட்டமே துண்டுபட்டது. அந்த மாதங்களில் இரண்டாம் நாள் பயணத்தை உறுதியாக வைத்துக்கொள்ளாதீர்கள். தாமிரபரணியில் வெள்ளம் என்றால் முதலில் அடிபடுவது ஏரல், ஆத்தூர்ப் பக்கம்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீனுக்காகவே வருகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்க்கலாம். நாட்டுப்படகு மீன் கிடைக்கும், விலை ஏறியிருக்கும்.

ஜூலை 26 கொடியேற்றத்தில் தொடங்கி ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா. ஊர் மிக அழகாக இருக்கும் நாட்களும் அறை கிடைக்காத நாட்களும் அவைதான். திருச்செந்தூர் கந்த சஷ்டி, குலசேகரப்பட்டினம் தசரா நாட்களிலும் தூத்துக்குடி விடுதிகள் நிரம்பும். அங்கே இடம் கிடைக்காதவர்கள் இங்கே வருவார்கள்.

வந்து சேர்வது

சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ்தான் வசதி. மாலையில் எழும்பூரில் ஏறினால் மறுநாள் காலை ஊருக்குள் இறக்கிவிடும். இரண்டு இடங்களில் ஏமாறுவார்கள். முதலாவது, திருநெல்வேலி ரயிலுக்குச் சீட்டு எடுத்து வாஞ்சி மணியாச்சியில் இறங்கி மாறிக்கொள்ளலாம் என்று கிளம்புவது. மணியாச்சியிலிருந்து இணைப்பு வண்டி எப்போது என்று முன்பே பார்க்காவிட்டால், 1911 ஜூன் 17இல் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட நிலையம் என்பதைத் தவிர அங்கே உட்கார்ந்து யோசிக்க வேறொன்றும் இருக்காது. இரண்டாவது, கடைசி நிலையத்துக்குச் சற்று முன்னால் வரும் தூத்துக்குடி மேலூரில் பெயரைப் பார்த்து இறங்கிவிடுவது. பாதை முடிகிற இடம்தான் உங்கள் நிலையம்.

விமான நிலையம் வாகைக்குளத்தில், திருநெல்வேலி சாலையில் இருக்கிறது. 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தார்கள். பேருந்தில் வந்தால் புதிய பேருந்து நிலையம், பழைய பேருந்து நிலையம் இரண்டும் வேறு வேறு இடம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மறுநாள் திருச்செந்தூர்ப் பக்கம் போகும் பேருந்து எங்கிருந்து புறப்படும் என்று முந்தின இரவே விடுதியில் கேட்டுக்கொள்வது நல்லது.

கொழும்புக்குக் கப்பல் உண்டா என்று இன்றும் கேட்கிறார்கள். இப்போது இல்லை. 2011 ஜூனில் தொடங்கிய பயணிகள் கப்பல் சேவை அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நின்றுபோனது. ஆனால் கேள்வி நியாயமானது. 1876இல் ரயில் இந்த ஊருக்கு வந்ததே கொழும்புக்காகத்தான் என்று சொல்லலாம். 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வரும்வரை, சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகும் பெருவழி தூத்துக்குடிதான்.

முதல் நாள்: நடந்து பார்க்கும் நகரம்

காலை ஆறரைக்குத் தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் நிழல் இல்லை. காற்று இருந்தாலும் உப்பும் வெக்கையும் கலந்த காற்று. தண்ணீர் பாட்டில், தொப்பி, கழற்றி மாட்ட எளிதான செருப்பு போதும்.

முதலில் சங்கரராமேஸ்வரர் கோயில். பாகம்பிரியாள் அம்மனோடு இருக்கும் இந்தச் சிவன் கோயிலை ஒட்டியே பெருமாள் கோயிலும் உண்டு. திருமந்திர நகர் என்ற ஊரின் பழைய பெயர் இந்தக் கோயிலைச் சுற்றித்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. தூத்துக்குடி என்ற பெயருக்கு, நீர்ப்பகுதியைத் தூர்த்துக் குடியேறிய இடம் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். துறைமுகங்கள் தூர்ந்த வரலாற்றோடு அது பொருந்திப்போவது வேடிக்கை. கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள், மறுபடி மாலையில்தான். அதனால்தான் இதை முதலில் வைத்தது.

அங்கிருந்து கிழக்கே கடலை நோக்கி நடங்கள். வழியில் கேட்கும், பார்க்கும் பெயர்களைக் கவனியுங்கள். கிரேட் காட்டன் சாலை என்ற பெயர் பஞ்சு வியாபாரத்தின் மிச்சம். கரிசல் காட்டுப் பருத்தி மூட்டை மூட்டையாக இறங்கி, அழுத்திக் கட்டப்பட்டு, கப்பலேறிய ஊர் இது. கடைப் பலகைகளில் பெர்னாண்டோ, மோத்தா, மச்சாடு, ரோச், கோமஸ், வாஸ் என்று வரும். அவை வந்தேறிகளின் பெயர்கள் அல்ல. முத்துக்குளித்த பரதவர்கள் 1530களில் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்றபோது ஏற்ற பெயர்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது, மதம் மாறிய மக்கள் இருந்தார்கள், மறைக்கல்விதான் இல்லாமல் இருந்தது.

பனிமய மாதா பேராலயத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மாதா சுரூபம் 1555இல் இங்கு வந்தது என்பது மரபு. இப்போதுள்ள கோயில் 1713இல் முடிந்தது. இடையில் இருக்கிற காலத்தைக் கவனிக்க வேண்டும்: 1658இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்துவிட்டார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையினர், கத்தோலிக்கத்தை விரும்பாதவர்கள். அப்படியிருந்தும் அவர்கள் ஆட்சியிலேயே இவ்வளவு பெரிய கத்தோலிக்க ஆலயம் எழுந்தது என்றால், முத்துக்கும் சங்குக்கும் கடலில் இறங்கத் தெரிந்தவர்களைப் பகைத்துக்கொள்ள டச்சுக் கம்பெனியால் முடியவில்லை என்றுதான் பொருள். 1982இல் இது பசிலிக்கா (போப்பாண்டவர் தனிச்சிறப்பு அளித்த பேராலயம்) ஆனது.

தங்கத்தேர் பற்றி ஒரு எச்சரிக்கை. முதல் தங்கத்தேர் ஓடியது 1806இல். திருவிழா ஆண்டுதோறும் நடக்கும். தங்கத்தேர் ஆண்டுதோறும் ஓடாது. அண்மையில் ஓடியவை 2013, 2023. ஆகஸ்ட் 5க்கு டிக்கெட் எடுத்து வந்து தேர் எங்கே என்று தேடுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. வழிபாட்டு நேரத்தில் உள்ளே படம் எடுக்க வேண்டாம். முழங்காலை மறைக்கும் உடை உடுத்திச் செல்லுங்கள்.

அதே கடற்கரைச் சாலையில் 1750இல் டச்சுக்காரர்கள் கட்டிய தூய திரித்துவ ஆலயம் இருக்கிறது. ஆங்கிலேயர் கைக்குப் போனபின் ஆங்கிலேயர் கோயில் ஆனது. பனிமய மாதா கோயிலின் ஆடம்பரத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் வெறுமையாகத் தெரியும். அந்த வெறுமைதான் பார்க்க வேண்டியது. வழிபாடு இல்லாத நேரத்தில் பூட்டியிருக்கலாம், காவலாளியிடம் தன்மையாகக் கேளுங்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சுருக்கெழுத்து வி.ஓ.சி. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் இதே கரையில் கப்பல் கம்பெனி நடத்திய வ.உ.சிதம்பரனாரின் ஆங்கில முதலெழுத்தும் வி.ஓ.சி. வரலாறு சில சமயம் நன்றாகவே கேலி செய்கிறது.

அடுத்து, பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஆஷ் நினைவு மண்டபம். எண்கோணக் கட்டடம். பெரும்பாலானோர் கவனிக்காமலே தாண்டிவிடுவார்கள். 1908இல் ஆஷ் இங்கே சப்-கலெக்டராக இருந்தபோதுதான் வ.உ.சி.யோடு மோதல் முற்றியது. அந்தக் கதையை இந்த இடத்தில் வைத்துச் சொன்னால்தான் விளங்கும்.

தூத்துக்குடிக் கடல் ஆழமில்லாதது. பெரிய நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரமிடும். சரக்கும் ஆளும் தோணியில் போய் ஏற வேண்டும். தூத்துக்குடி–கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி ஒன்றுக்கே ஆதிக்கம். 1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மறு ஆண்டே காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் இலவசமாகவே ஏற்றியது என்பார்கள். 1908 பிப்ரவரியில் வ.உ.சி. துணைநின்ற கோரல் பஞ்சு மில் வேலைநிறுத்தம். மார்ச் முதல் வாரத்தில் தொழிலாளர்களுக்கு வெற்றி. மார்ச் 12இல் வ.உ.சி. கைது. அவர் 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. மில், கடல், சப்-கலெக்டர் அலுவலகம் எல்லாம் நடந்து போகும் தூரத்துக்குள் நடந்த சண்டை அது.

பழைய துறைமுகத்துக்குள் அனுமதியின்றி போக முடியாது. வெளியிலிருந்தே தோணிகளைப் பார்க்கலாம். மர உடல், இப்போது எஞ்சின் வைத்தவை. மாலத்தீவுக்கு வெங்காயம், காய்கறி, கட்டுமானப் பொருள் கொண்டுபோகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஓடாது, துறையில் கட்டிக் கிடக்கும். பழுது பார்ப்பதும் அப்போதுதான். எனவே நிறையத் தோணிகளை ஒரே இடத்தில் பார்க்க ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஏற்றது. மற்ற மாதங்களில் சில மட்டும்தான். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

வெயில் ஏறியதும் விடுதிக்குத் திரும்பிவிடுங்கள். ரோச் பூங்காவை மாலைக்கு வையுங்கள். பகலில் அங்கே செய்ய ஒன்றுமில்லை.

முத்து, சங்கு: வாங்குமுன்

முத்துநகர் என்ற பெயரை நம்பி கடைகளில் "தூத்துக்குடி முத்து" கேட்பவர்கள் பெரும்பாலும் வெளியே விளைந்த வளர்ப்பு முத்தோடு வீடு திரும்புகிறார்கள். சலாபம் என்று சொல்லும் பெரிய முத்துக்குளிப்பு இங்கே 1961க்குப் பிறகு நடக்கவில்லை. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் (சிப்பி வளரும் கடலடித் திட்டுகளில்) சிப்பி பெருகுவது எப்போதுமே நிலையில்லாதது. பல ஆண்டு ஒன்றுமே இல்லாமல் போய், திடீரென்று ஒரு பருவம் அள்ளிக் கொடுக்கும். வளர்ப்பு முத்தை இந்தியாவில் முதலில் வெற்றிகரமாக எடுத்ததும் இதே மாவட்டத்தில், 1973இல் வேப்பலோடையில். தொழிலாக அது இங்கே வேரூன்றவில்லை. ஆகவே நகைக்கு முத்து வேண்டுமானால் வாங்குங்கள், ஊர் நினைவுக்காக வேண்டாம்.

சங்கு வேறு. சங்கு குளிப்பது இன்னும் நடக்கிற தொழில். நல்ல சங்கு வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போகிறது. ஊதுகிற சங்கு, பால் சங்கு இங்கே தாராளமாகக் கிடைக்கும். ஏமாற்று நடப்பது வலம்புரியில். பார்க்கும் முறை:

உச்சிச் சுருள் மேலே, வாய் உங்களை நோக்கி இருக்குமாறு சங்கைப் பிடியுங்கள். சாதாரணச் சங்கில் வாய் உங்கள் வலப்பக்கம் இருக்கும், வலம்புரியில் இடப்பக்கம். சங்கைத் தலைகீழாகத் திருப்பினால் பக்கம் மாறித் தெரியும், அதை வைத்தே குழப்புவார்கள்.

வாய் இடப்பக்கம் இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். அட்லாண்டிக் கடலில் இயல்பாகவே அந்தப் பக்கம் சுருளும் வேறொரு நத்தை இனம் உண்டு, மலிவானது, அதை மெருகேற்றி வலம்புரி என்று விற்கிறார்கள். விரலை வாய்க்குள் விட்டு நடுத்தண்டைத் தடவுங்கள். நம் சங்கில் மூன்று நான்கு மடிப்புகள் வரிசையாகத் தட்டுப்படும். அந்த நத்தையில் வழவழவென்று இருக்கும். காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கிறதா, அரிசியில் வைத்தால் நகர்கிறதா என்ற சோதனைகள் எல்லாம் விற்பவருக்கு உதவுபவை. காதில் வைத்தால் எந்தச் சங்கிலும்தான் ஓசை வரும்.

பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எதையும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. பையில் இருந்தால் குற்றம் உங்களுடையது. கரைக்கு எதிரே உள்ள வான் தீவு, காசுவாரி, விலாங்குசல்லி, காரைச்சல்லி ஆகியவை 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. இறங்க அனுமதி இல்லை, அழைத்துப் போகிறேன் என்கிற படகை நம்ப வேண்டாம். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை ஆண்டுக்கணக்கில் வெட்டியதன் விலை அங்கே தெரிகிறது: விலாங்குசல்லி நீருக்குள் போய்விட்டது, வான் தீவு கரைந்துகொண்டே வந்தது, அதைக் காக்க இப்போது செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள்.

மாலை: உப்பளமும் புதிய துறைமுகமும்

மூன்றரைக்கு ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். துறைமுகச் சாலையிலும் திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காடு பக்கமும் உப்பளங்கள் வழியெங்கும் உண்டு. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த பெயர் இந்த ஊருக்குத்தான்.

என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தச் சதுரங்கள் பேசும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் நாம் தின்னும் உப்பு 27 கிராம் போல. தூத்துக்குடியில் பெரும்பாலும் கடல்நீரை நேரே எடுப்பதில்லை, நிலத்தடி உவர்நீரை மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். கடலைவிட அது செறிவானது. கரையிலிருந்து தள்ளியும் அளங்கள் இருப்பதற்கு இதுவே காரணம். நீரைப் பெரிய பாத்திகளில் விட்டு வெயிலில் சுண்ட வைப்பார்கள். நீரின் செறிவை டிகிரியில் அளக்கும் கருவி போமே மானி. கடல்நீர் 3 டிகிரி சொச்சம். 13 டிகிரிக்கு மேல் போகும்போது ஜிப்சம் படியும். அதை முன்பாத்தியிலேயே நிறுத்திவிட வேண்டும். 24, 25 டிகிரி வந்ததும் கடைசிப் பாத்திக்கு மாற்றுவார்கள், அங்கே உப்பு பூக்கும். 29 டிகிரியைத் தாண்டினால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். அந்தக் கழிநீரை வெளியேற்றிவிட வேண்டும். அவசரப்பட்டு 24க்கு முன்னால் மாற்றினால் ஜிப்சம் கலந்த உப்பு. சோம்பி 29க்குப் பின்னும் விட்டால் ஈரம் கசியும் கசப்பு உப்பு. உப்பளத் தொழிலின் சூட்சுமம் முழுக்க இந்த ஐந்து டிகிரிக்குள் இருக்கிறது.

வாருபலகையால் உப்பை வாரி, வரப்பில் குவித்து, பிறகு அம்பாரமாக ஏற்றி, மழைக்கு ஓலையோ தார்ப்பாயோ போடுவார்கள். வேலை பெரும்பாலும் விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுமுன் முடியும். ஆகவே மாலையில் நீங்கள் பார்ப்பது அம்பாரங்களையும் வெளிச்சத்தையும்தான். ஆட்களைப் பார்க்க வேண்டுமானால் மறுநாள் அதிகாலை வர வேண்டும். வரப்பில் மட்டும் நடங்கள். பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்கித்தான் தண்ணீர் விடுகிறார்கள். உங்கள் ஒரு செருப்புத் தடம் அடிமண்ணைக் கிளப்பி உப்பைக் கறுக்க வைக்கும். யாராவது கத்தினால் காரணம் அதுதான். கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். இந்த வெண்மையில் ஆண்டுக்கணக்காக வெறுங்கண்ணோடு வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

வ.உ.சிதம்பரனார் துறைமுகம் 1974 ஜூலை 11இல் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகம் ஆனது. பழைய துறைமுகத்தின் ஆழமின்மைக்கு இது விடை: கடலுக்குள் நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு கல் அணைகளைக் கொட்டி, இடையில் 1,275 மீட்டர் இடைவெளியில் செயற்கையாக ஆழத்தைப் பிடித்தார்கள். உள்ளே போகப் பாஸ் வேண்டும். சுற்றுலாவுக்காகக் கேட்டால் கிடைப்பது அரிது; வெளியே உள்ள கடற்கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கலங்கரை விளக்கம் உள்ள முயல் தீவு காணும் பொங்கலன்று ஊரே திரளும் இடம். மற்ற நாட்களில் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

இரவுச் சாப்பாடு

இந்த ஊரில் "நைட் கிளப்" என்று பலகை கண்டால் மிரள வேண்டாம். பரோட்டாக் கடை. பொரிச்ச பரோட்டா கேளுங்கள், சால்னாவை மேலே ஊற்றச் சொல்லி இரண்டு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிடுங்கள். மீனில் சீலா என்றால் சென்னைக்காரர்களின் வஞ்சிரம். விசைப்படகுகள் விடியலில் போய் இரவில் திரும்புவதால் மீன்பிடித் துறைமுகத்து ஏலம் இரவில்தான் சூடுபிடிக்கும். திரேஸ்புரத்தில் நாட்டுப்படகுகள், ஞாயிறு கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதால் சனிக்கிழமை கூட்டமும் விலையும் அதிகம்.

மக்ரூனில் மூன்றே சரக்கு: முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்கிற பண்டம். பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த முந்திரி கையருகே இருந்ததால் இங்கே இப்படி மாறியது. வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரை நிற்கும்வரை அடிக்க வேண்டும். மஞ்சள்கரு ஒரு சொட்டு விழுந்தாலும் நுரை எழாது. முந்திரித் தூளை அடிக்காமல் மெதுவாகக் கலந்து, கூம்பாகப் பிழிந்து, விறகு எடுத்த அடுப்பின் மிச்சச் சூட்டில் மணிக்கணக்கில் உலர விடுவார்கள். நல்ல மக்ரூன் வெளுப்பாக, எடையில்லாமல், வாயில் வைத்ததும் கரையும். மஞ்சளாக இருந்தால் சூடு கூடியிருக்கிறது. பல்லில் ஒட்டினால் காற்றுப்பட்டு ஈரம் ஏறியிருக்கிறது. கடையில் ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் இளகிப்போகும். காற்றுப்புகாத டப்பாவில் வெளியே வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். பெட்டி பெரிதாகத் தெரிந்தாலும் எடை குறைவு. சாமான்களுக்கு அடியில் வைத்தால் வீட்டுக்குத் தூள்தான் வரும்.

இரண்டாம் நாள்: துறைமுகம் வந்த வழியே பின்னோக்கி

வாடகைக் கார் எடுங்கள். பேருந்தில் பழையகாயலும் திருச்செந்தூரும் எளிது. கொற்கைக்கும் புன்னைக்காயலுக்கும் கிளைச் சாலையில் போக வேண்டும், பேருந்து குறைவு. காலை ஆறுக்குப் புறப்பட்டால் மாலைக்குள் முடியும்.

திருச்செந்தூர் சாலையில் முதலில் பழையகாயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயல் என்று குறித்த குதிரை வியாபாரத் துறைமுகம் இதுதான் என்று கொள்கிறார்கள். பார்க்கப் பெரிதாக எதுவும் இல்லை. நிறுத்தி, கடல் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். கையைக் கிழக்கே நீட்டுவார்கள், ஆனால் தெரியாது.

ஏரலுக்குப் பக்கத்தில் கொற்கை. முத்துக்குப் பெயர்போன பாண்டியர் துறை. கிரேக்க மாலுமிகளின் குறிப்பில் கொல்கொய், அங்கே தண்டனை பெற்றவர்களைக் கொண்டு முத்துக்குளித்தார்கள் என்றும் அதில் இருக்கிறது. கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் இங்கே தோண்டிப் பார்த்தார். 1968–69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை எடுத்த கரித்துண்டு ஒன்றுக்குக் கி.மு. 785 என்று கரிமக் கணிப்பு வந்தது. இப்போது இருப்பவை மிகப் பழையது என்று ஊரார் சொல்லும் வன்னி மரம், அதன் கீழே சிற்பம், வயலுக்குள் அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயில். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். அந்தப் பெயர் மட்டும் தூர்ந்துபோகாமல் நிற்கிறது. அரை மணி நேரம் போதும்.

பிறகு ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல், தாமிரபரணி கடலில் சேரும் இடம். தூத்துக்குடிக்கு முன் போர்த்துகீசியரின் தலைமையிடம் இதுவே. தமிழ் படித்து, தமிழில் அச்சு வரக் காரணமாக இருந்த போர்த்துகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் இங்கேதான் பல்லாண்டு பணி செய்தார். அவருடைய தம்பிரான் வணக்கம் என்ற நூல் 1578இல் கொல்லத்தில் அச்சானது. கழிமுகத்தில் நின்று பாருங்கள்: துறைமுகத்தைத் துரத்திய மண் திட்டுத் திட்டாகக் கண்ணெதிரே கிடக்கும். நீரோட்டம் வலுவானது, இறங்க வேண்டாம்.

காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்களைப் பார்க்க விரும்பினால் தொழுகை நேரம் தவிர்த்து, அங்குள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். திருச்செந்தூரை இந்த நாளோடு சேர்க்காதீர்கள். தரிசன வரிசை ஒன்றே மூன்று மணி நேரத்தை விழுங்கிவிடும், மற்ற எல்லாம் கெட்டுப்போகும். அதற்குத் தனி நாள் வையுங்கள்.

மிச்சமிருக்கும் நேரத்தை மணப்பாட்டுக்குக் கொடுங்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே 18 கி.மீ. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். அடியில் சவேரியார் தங்கிய குகை என்று காட்டுவார்கள். நாலரைக்கு மேல் ஏறுங்கள், மணல் அதற்கு முன் காலைச் சுடும். செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டிய நாட்களில் வண்டியைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் நாள் இருக்கிறவர்கள் வடமேற்கே போகலாம்: ஓட்டப்பிடாரத்தில் 1872இல் வ.உ.சி. பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது, பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி, இன்னும் மேலே எட்டயபுரம். பாஞ்சாலங்குறிச்சியில் நிற்கிற கோட்டை 1974இல் எழுப்பிய நினைவுக் கோட்டை. பழையதை வெள்ளையர்கள் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அரசு நினைவிடங்கள் எந்தக் கிழமை பூட்டியிருக்கும் என்பதை விடுதியில் விசாரித்துவிட்டே வண்டி பேசுங்கள். இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸில் திரும்புகிறவர்கள் மக்ரூனை ஸ்டேஷன் வாசலில் அவசரமாக வாங்காமல், அன்று போட்டது எது என்று கேட்டு மாலையிலேயே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.